விதுரி முடுக்கிய நான்கு திருகுகள்

ரேடியோ 'உஸ்' என்றது. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அம்மா குமிழை மெதுவாகத் திருப்பினார். சிவப்பு முள் கண்ணாடித் தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. உஸ். திரும்பி வந்தது. உஸ். நடுவில் ஓரிடத்தில் மட்டும், யாரோ தலையணைக்கு அடியில் பேசுவதுபோல் ஒரு முணுமுணுப்பு கேட்டது. அதுவும் மறைந்தது.

"வியாழக்கிழமை பாடுச்சே!" என்றார் அம்மா. "பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னாங்களே!"

கதவோரம் நின்ற விதுரி உள்ளே வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தில், இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய ஒரு சந்தில் அவர்கள் வீடு. விதுரியின் அம்மா நினிங், தொழிற்பள்ளியில் மின்சாரப் பாடம் நடத்துபவர். விடுமுறை நாள்களில் வீட்டு முன்னறையில் பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்ப்பார். அப்பா தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். திங்கள்கிழமைதான் வருவார்.

மேசையில் இருந்த ரேடியோ பெரியது. தேக்குப் பெட்டி. முகப்பில் ஒரு பச்சைக் கண்கூட இருந்தது. நிஜக் கண் இல்லை, ஒரு சிறிய கண்ணாடிக் குழாய். ஒளிரும் பச்சை வட்டத்துக்கு நடுவில் கறுப்பாக ஓர் ஆப்பு தெரியும். நிலையம் சரியாகப் பிடிபட்டால் அந்த ஆப்பு ஒடுங்கும். கண் மூடுவதுபோல் இருக்கும்.

இன்று கண் அகலத் திறந்தே இருந்தது. விதுரியையே பார்ப்பதுபோல் இருந்தது.

ரேடியோ சார்யா அண்ணனுடையது. அவர் மலைமேல் ஒரு பள்ளத்தில் இருக்கும் சிலெங்சர் என்ற ஊரில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர். அதை வாங்கிப் போக இன்று வருவார். காய்கறி இறக்க வந்த லாரி மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும். அதில் ஏறிப் போனால்தான் ஐந்து மணிக்குள் வீடு போய்ச் சேரலாம். ஐந்து மணிக்கு ரேடியோ பாட வேண்டும். பாடியே ஆக வேண்டும்.

அது ஏன் என்று விதுரிக்குத் தெரியும். அதனால்தான் கதவோரமே நின்றாள்.

சார்யா அண்ணனின் மனைவி எந்தின், மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். மகள் இமாசுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது இறந்துபோனார். இப்போது இமாசுக்கு ஐந்து. அம்மாவின் குரல் அவளுக்கு நினைவில்லை. எந்தினின் அப்பா இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்; அவரால் மலையிறங்கி வர முடியாது. அந்த நிலையம் தன் பிறந்தநாளுக்காகப் பழைய ஒலிநாடாக்களைத் தேடியதில், எந்தின் பேசிய நாடா ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று. இன்று மாலை ஐந்து மணிக்கு அதை ஒலிபரப்பப் போகிறார்கள்.

"சின்ன ரேடியோ எல்லாம் எங்க பள்ளத்துல வெறும் உஸ்ஸுதான் அக்கா," என்று ரேடியோவைக் கொண்டுவந்த அன்றே சார்யா அண்ணன் சொல்லியிருந்தார். "இது ஒண்ணுதான் மலையைத் தாண்டி இழுக்கும். இதுவும் செத்துப்போச்சு."

அம்மா அதற்கு உயிர் கொடுத்தார். விதுரி நேற்று அதை மறுபடி கொன்றுவிட்டாள்.

நேற்று நடந்தது இதுதான். பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய சிக்னல் கருவியைத் திருப்பிக் கொடுக்க அம்மா போயிருந்தார். "பெட்டியில இருக்குற தூசியைத் துடைச்சு வை," என்று சொல்லியிருந்தார். விதுரி துடைத்தாள். பின்மூடி கழற்றியே இருந்ததால் உள்ளேயும் எட்டிப் பார்த்தாள். இரண்டு அலுமினிய டப்பிகள் நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு கறுப்புத் திருகு.

நான்குமே அரைகுறையாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

சிலெங்சர் போகும் பாதை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிச் சுற்றுலாவில் போனபோது பாதி வகுப்பு வாந்தி எடுத்தது. அந்தக் குலுக்கலில் இந்தத் திருகுகள் கழன்று விழுந்துவிட்டால்?

பிளக்கைப் பிடுங்கியே வைத்திருந்தார்கள். பிளக் செருகியிருக்கும்போது உள்ளே கைவிடக் கூடாது என்பது வீட்டு விதி. அதை அவள் மீறவில்லை. சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். நான்கையும் முட்டும் வரை முடுக்கினாள். நான்காவது சண்டித்தனம் செய்தது. கொஞ்சம் அழுத்தினாள். 'கிரக்' என்று ஒரு சத்தம். மிளகுத் தூள்போல ஒரு கறுப்புத் துணுக்கு கீழே உதிர்ந்தது.

அதை ஊதிவிட்டு, தூசித் துணியை மடித்து வைத்துவிட்டாள்.

இப்போது அம்மா ரேடியோவை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். கொஞ்சம் ஆறவிட்டு, வால்வுகளை ஒவ்வொன்றாக உருவி, கால்களைத் துடைத்துச் செருகினார். மறுபடி போட்டார். உஸ்.

"அம்மா..."

"இரு, பேசாத. யோசிச்சுட்டு இருக்கேன்."

அம்மா மீட்டரை எடுத்தார். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுகையால் மட்டும் அளந்தார். மின்சாரம் ஓடும் ரேடியோவை அவர் எப்போதும் அப்படித்தான் தொடுவார். எண்களைத் தாளில் எழுதினார். எல்லா எண்களும் சரியாக இருந்தன. அதுதான் அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்..."

"சாப்பாட்டை மூடி வைம்மா. அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

விதுரி மூடி வைத்தாள். இன்னும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஐந்து நிமிடம் ஆனது. இன்னும் ஐந்து நிமிடம். இப்படியே பத்தே கால் ஆகிவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா, இருக்கீங்களா?"

சார்யா அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு இமாசும் வந்திருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக மேசையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

"அங்க என்னம்மா பாக்குற?" என்றார் விதுரியின் அம்மா.

"எங்கம்மா எது வழியா வருவாங்க?"

"குரல் மட்டும்தான் வரும்னு சொன்னேன்ல," என்றார் சார்யா அண்ணன்.

"குரல் மட்டும் எப்படித் தனியா வரும்?"

மின்சாரப் பாடம் நடத்தும் அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, என்னை மன்னிச்சிடு. வியாழக்கிழமை நல்லாப் பாடுச்சு. இன்னைக்குப் பாடல. நான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன். என் கைதான் சரியில்ல."

"பரவாயில்லக்கா," என்றார் சார்யா அண்ணன். அப்படிச் சொல்லும்போது அவர் ரேடியோவையும் பார்க்கவில்லை, இமாசையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"அப்ப அம்மா வரமாட்டாங்களா?" என்றாள் இமாஸ்.

விதுரி மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா கை இல்ல. நான்தான்," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "நேத்து நான்தான் முடுக்கினேன்."

அம்மா திரும்பினார். "எதை?"

"டப்பிக்குள்ள இருக்குற திருகை. ஆடிட்டு இருந்துச்சு. லாரி குலுங்குனா விழுந்துடும்னு..."

"எதை, ரெண்டையுமா?"

"நாலையும்."

"எவ்வளவு?"

"முட்டுற வரைக்கும்."

அம்மா முக்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று விதுரி காத்திருந்தாள்.

"ஒண்ணு உடைஞ்சும் போச்சு. கொஞ்சூண்டு," என்று அதையும் சொல்லிவிட்டாள். அரைகுறையாகச் சொல்லி என்ன பயன்?

"இந்த ஊர்ல ரேடியோ பழுதுபாக்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்தக் கதை ஒண்ணு இருக்கும்," என்றார் அம்மா மெல்ல. "'ஸ்க்ரூ எல்லாம் லூசா இருந்துச்சு சார், நானே டைட் பண்ணிட்டேன்'னு யாராவது ஒருத்தர் ரேடியோவைத் தூக்கிட்டு வருவாங்க. நாங்க டீ குடிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிப்போம். இப்ப என் வீட்டுலயே."

"நானா இருந்தாலும் முடுக்கியிருப்பேன் அக்கா," என்றார் சார்யா அண்ணன். "ஆடுற ஆணியப் பாத்தா கை சும்மா இருக்குமா?"

"அது ஆணி இல்ல தம்பி. வாத்தியத்துல சுருதி சேக்குற பிரடை மாதிரி. எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அந்தச் சத்தத்தை ரேடியோ தனக்குள்ள ஒரே ஒரு சுருதிக்கு மாத்திக்கும். அந்தச் சுருதியைத்தான் இந்த நாலும் பிடிக்கணும். ஒவ்வொண்ணும் அது அது இடத்துல நிக்கணும். நாலும் இப்ப நாலு திக்குல நிக்குது." அம்மா நெற்றியைத் தேய்த்தார். "மெழுகு சொட்டி அசையாம ஒட்டியிருக்கணும். இன்னைக்குக் காலையில பண்ணிக்கலாம்னு விட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு."

"மறுபடி வைக்க முடியாதா?" என்றாள் விதுரி.

"முடியும். அந்தச் சுருதியைக் கொடுக்க ஒரு கருவி வேணும். அது பள்ளிக்கூட அலமாரியில இருக்கு. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. அவர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டார்."

சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து.

விதுரி நகத்தைக் கடித்தாள். பள்ளியில் அவள் அங்க்லுங் குழுவில் இருக்கிறாள். மூங்கில் குழாய்களைக் கட்டிய வாத்தியம் அது, அசைத்தால் ஒலிக்கும். ஒருவருக்கு ஒரு சுரம்தான். அவளுடையது ஆறாம் எண். போன மாதம் அது மழையில் நனைந்து சுருதி கெட்டுப்போனது. இசை ஆசிரியரிடம் எந்தக் கருவியும் இல்லை. பக்கத்து வகுப்பிலிருந்து நல்ல ஆறாம் எண் ஒன்றை வரவழைத்தார். அதை ஒருவனை விட்டு அசைக்கச் சொல்லி, காதைச் சாய்த்துக்கொண்டே இவளுடைய மூங்கிலைச் சீவினார். இரண்டும் ஒன்றாகும் வரை சீவினார்.

"அம்மா, அந்தச் சுருதி எல்லா ரேடியோவுக்குள்ளயும் இருக்குமா?"

"பெரும்பாலும் எல்லாத்துலயும் ஒண்ணுதான். ஏன்?"

"அப்ப நல்லா இருக்குற ரேடியோ ஒண்ணைப் பக்கத்துல வெச்சு, அதுக்குள்ள இருக்குறதை இதுக்குக் கேக்க வெச்சா?"

அம்மா நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"ஒரு கம்பி போதும்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். "ஒரே ஒரு கம்பி." பிறகு அலமாரியை நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஏழு ரேடியோக்கள் இருந்தன. "ஆனா இங்க இருக்குறது எல்லாமே நோயாளிங்க. ஒண்ணுகூடப் பேசாது."

"ஓடிங் மாமாகிட்ட ஒண்ணு இருக்கு!" என்றாள் விதுரி. செருப்பைப் போடாமலே ஓடினாள்.

ஓடிங் மாமா சூப் விற்பவர். இறைச்சி உருண்டை மிதக்கும் சூப்பைத் தோள் காவடியில் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போவார். அவருடைய மூங்கில் கட்டை 'டொக் டொக்' என்று ஒலிக்கும். விதுரி சந்து முனையில் நின்று காதைத் தீட்டினாள். மோட்டார் சைக்கிள். கோழி. யாரோ துணி துவைக்கும் சத்தம். டொக் டொக் இல்லை.

பள்ளிவாசல் சந்துக்கு ஓடினாள். இல்லை. கைப்பந்துத் திடலுக்கு ஓடினாள். "இப்பதான் போனார்," என்றான் ஒரு பையன், வாயில் உருண்டையோடு. எந்தப் பக்கம் என்று சொல்வதற்குள் அதை மென்று முடிக்க அவனுக்கு ஒரு யுகம் ஆனது.

ரயில்வே கேட் பக்கத்தில் அவர் இருந்தார். காவடியை இறக்கி வைத்துவிட்டு, அதில் ரப்பர் பட்டையால் கட்டியிருந்த சின்ன ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, ரேடியோ வேணும்!"

"சூப் வேணும்னு கேளு, தரேன். கிண்ணத்தோட வேணும்னாலும் தரேன். ரேடியோ மட்டும் கேக்காத."

"ஒரு மணி நேரம்தான். அம்மா அதைத் திறந்து..."

"திறக்கணுமா!" அவர் ரேடியோவைக் கையால் மூடிக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நேரத்துல நாடகம் ஆரம்பிக்குது. மூணு நாளா கதாநாயகி கிணத்துக்குள்ள கிடக்கா. இன்னைக்குத்தான் கயிறு போடப் போறாங்க. நீ என்னடான்னா..."

விதுரிக்கு மூச்சு வாங்கியது. திருகு, லாரி, ஒலிநாடா, இமாஸ் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினாள். எது முதலில், எது பிறகு என்று பார்க்கவில்லை.

ஓடிங் மாமா கொஞ்ச நேரம் சூப் பானையைக் கரண்டியால் கிண்டினார். கிண்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

"அந்தக் குட்டிக்கு எத்தனை வயசு?"

"அஞ்சு."

அவர் காவடியைத் தோளில் தூக்கினார். "கிணத்துல இருக்குறவ இன்னும் ஒரு நாள் இருக்கட்டும். ஆனா ரேடியோ தனியா வராது. நானும் கூட வருவேன்."

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. அதற்குள் சார்யா அண்ணன் தேயிலைச் செடி கவாத்து செய்யும் கத்தியால் இறைச்சி கோத்துச் சுடும் சத்தே மூங்கில் குச்சிகளைச் சீவிக்கொண்டிருந்தார். குச்சியின் நுனி ஸ்க்ரூ டிரைவர் வாய்போலத் தட்டையாக இருந்தது.

"இரும்பு கிட்டப் போனாலே சுருதி மாறிடும்," என்றார் அம்மா. "மூங்கில்தான் சரி."

அம்மா சின்ன ரேடியோவின் முதுகைத் திறந்தார். ஓடிங் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஊசி போடுவதைப் பார்க்க முடியாதவர்போல. அதன் உள்ளே விரல் நுனி அளவில் குட்டி டப்பிகள் இருந்தன. அவற்றில் ஒன்றின்மேல் அம்மா மெல்லிய கம்பியைச் சுற்றினார். பெரிய ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்பியின் மறுமுனையை அதன் முதல் வால்வுக்கு இணைத்தார். சின்ன ரேடியோவில் இயர்போனைச் செருகி ஓடிங் மாமாவின் காதில் வைத்தார்.

"சத்தம் இதுல வரக் கூடாது. அதுல வரணும். நீங்க நாடகத்தைக் கேட்டுக்கிட்டு இருங்க."

"அட, இதைத்தானே முதல்லயே சொல்லியிருக்கணும்!" என்றார் அவர்.

பிளக் செருகப்பட்டது. அம்மா இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கையில் மூங்கில் குச்சி.

"விதுரி, நீ தள்ளி நின்னு பச்சைக் கண்ணை மட்டும் பாரு. கறுப்பு ஒடுங்குனா சொல்லு. விரிஞ்சாலும் சொல்லு. வேற எதையும் பாக்காத."

விதுரி பார்த்தாள். இமைக்கப் பயமாக இருந்தது.

உஸ். உஸ். அம்மா கடைசித் திருகிலிருந்து ஆரம்பித்தார். கால் சுற்று. அரைச் சுற்று. ஒன்றும் இல்லை. ஒரு சுற்று.

"கேக்கலம்மா," என்றாள் விதுரி.

"பொறு."

இன்னும் ஒரு சுற்று. உஸ்ஸுக்கு அடியில், ரொம்ப ஆழத்தில், ஒரு பெண் குரல் கேட்டது. "யாராவது... இருக்கீங்களா..."

இமாஸ் துள்ளி எழுந்தாள். "அம்மாவா?"

"இல்லடா கண்ணு, இது கதாநாயகி," என்றார் ஓடிங் மாமா, இயர்போனைப் பிடித்தபடி. "இன்னும் கிணத்துலதான் இருக்கா."

"ரொம்ப ஆழமா கேக்குது," என்றார் சார்யா அண்ணன்.

"கிணறு ஆழம்தான்!"

"ஒடுங்குது!" என்று கத்தினாள் விதுரி. "ஒடுங்குது, ஒடுங்குது... விரியுது! திருப்புங்க, திருப்புங்க! நில்லுங்க!"

அம்மா நின்றார். அடுத்த திருகுக்குப் போனார். குரல் மேலே ஏறியது. இப்போது கதாநாயகி அழுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. கறுப்பு ஆப்பு நூல்போல் மெலிந்தது. பிறகு காணாமல் போனது.

அம்மா மூன்றாவது திருகைத் திருப்பினார். விதுரி உற்றுப் பார்த்தாள். கண் அசையவில்லை. இந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே இருந்தது.

ஏதோ சரியில்லை. சொன்னால் எல்லாம் நின்றுபோகும். காலையில் சொல்லாமல் இருந்ததில் என்ன நடந்தது?

"அம்மா, நில்லுங்க. கண்ணு முழுசா மூடிடுச்சு. இனிமே நீங்க என்ன பண்ணினாலும் அதுக்குத் தெரியாது. சத்தம் அதுக்கு ரொம்ப ஜாஸ்தி."

அம்மா குச்சியை எடுத்தார். "அட, ஆமா. அவசரத்துல அதைக் கவனிக்கல."

குட்டி டப்பியில் சுற்றிய கம்பியைப் பாதி அவிழ்த்துத் தள்ளி வைத்தார். குரல் மங்கியது. கண் மறுபடி திறந்தது. மூன்றாவது திருகு அதன் இடத்தில் நின்றது.

நான்காவது, நேற்று உடைந்தது. மூங்கில் நுனி அதற்குள் நிற்காமல் வழுக்கியது. அம்மா மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் குச்சி சுற்றியது, திருகு சுற்றவில்லை. மணி பன்னிரண்டு ஐம்பது.

"ஒரு பக்கம்தான் விளிம்பு மிச்சம் இருக்கு," என்றார் அம்மா.

சார்யா அண்ணன் எட்டிப் பார்த்தார். வேறொரு குச்சியை எடுத்து, நுனியின் ஒரு பக்கத்தை நீளமாகவும் மறுபக்கத்தைக் குட்டையாகவும் சீவினார். நகத்தில் வைத்துச் சோதித்தார். இன்னும் ஒரு சீவல். "இப்பப் பாருங்கக்கா."

குச்சி பிடித்தது. திருகு அசைந்தது. ஒரு மயிரளவு. இன்னொரு மயிரளவு.

"ஒடுங்குது," என்றாள் விதுரி. இந்தமுறை கத்தவில்லை. "இன்னும். இன்னும். நில்லுங்க."

"கயிறு போட்டுட்டாங்க!" என்று அலறினார் ஓடிங் மாமா.

எல்லாரும் ஒரு முழம் துள்ளினார்கள். நல்லவேளை, அம்மா குச்சியை அப்போதுதான் வெளியே எடுத்திருந்தார்.

அம்மா கம்பிகளைக் கழற்றினார். சுவரோரம் ஓடிய ஏரியல் கம்பியை ரேடியோவில் செருகினார். முள்ளை நகர்த்தினார். ஒரு நிலையத்தில் செய்தி. ஒன்றில் புல்லாங்குழல். மலையடிவார நிலையத்தில் யாரோ வெங்காய விலை சொன்னார். ஒவ்வொன்றும் தன் இடத்தில், பக்கத்துச் சத்தம் கலக்காமல் நின்றது.

அம்மா மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார். ஒவ்வொரு திருகின்மேலும் ஒரு சொட்டு. நான்கு சொட்டுகள்.

ஒன்று நாற்பதுக்கு சார்யா அண்ணன் ரேடியோவைக் கைலியில் கட்டி, குழந்தையை ஏந்துவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். ஏந்த வேண்டிய குழந்தை அவர் பின்னால் ஓடியது. ஓடிங் மாமா ரேடியோவைக் காவடியில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

"அம்மா, அங்க கேக்குமா?"

"இங்க கேக்குது. அங்க மலை இருக்கு. எனக்குத் தெரியலம்மா."

அம்மா பொய் சொல்லியிருக்கலாம் என்று விதுரி நினைத்தாள். சொல்லாததும் நல்லதுதான் என்று பிறகு நினைத்தாள்.

ஐந்து மணிக்கு அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கேட்க ரேடியோ இல்லை. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்தே கால் ஆனது.

சிலெங்சரில் கைப்பேசி எடுக்காது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க விதுரி எந்த விளையாட்டையும் பாதிக்கு மேல் விளையாடவில்லை.

திங்கள்கிழமை மதியம் பள்ளி விட்டு வந்தபோது சந்து முனையில் காய்கறி லாரி நின்றது. வாசலில் சார்யா அண்ணன் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க விதுரிக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் செருப்பைப் பார்த்தாள்.

"அண்ணே..."

"என்னைக் கேக்காத," என்றார் அவர். "அவளைக் கேளு."

கவிழ்த்துப் போட்ட கூடைமேல் இமாஸ் ஏறி நின்றாள். முதுகை நிமிர்த்தினாள். தொண்டையைச் செருமினாள். பிறகு விதுரி இதுவரை கேட்டிராத ஒரு குரலில், நிதானமாக, பெரியவர்போலப் பேசத் தொடங்கினாள்.

"அன்பு நேயர்களே, வணக்கம். ஓர் அறிவிப்பு. சிலெங்சரில் ஓர் ஆடு காணவில்லை. வெள்ளை நிறம். வலது காதில் ஒரு வெட்டு. கண்டுபிடிப்பவர்கள் அதைத் திட்ட வேண்டாம். வழி தெரியாமல் அது ஏற்கெனவே பயந்துபோயிருக்கும்."

"சனிக்கிழமை அவங்கம்மா வாசிச்சதைக் கேட்டதுல இருந்து இதேதான்," என்றார் சார்யா அண்ணன். "லாரியில இருந்த முட்டைக்கோசுக்கெல்லாம் வாசிச்சுட்டா. எங்க மாமனாரு சிரிச்சுட்டே அழுதாரு. அது அவரோட ஆடாம்."

விதுரி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு இமாசைப் பார்த்தாள்.

"ஆடு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. தாத்தா கட்டிலுக்கு அடியிலயே தூங்கிட்டு இருந்துச்சாம்," என்றாள் இமாஸ். கூடைமேல் கால்களைச் சரியாக ஊன்றிக்கொண்டாள். "மறுபடி வாசிக்கட்டுமா?"

"வாசி," என்றாள் விதுரி. பையைக் கீழே போட்டுவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.